மாடி வீட்டு டீச்சர் சொன்ன பதில்

திருத்தணியில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் ஆறு வருஷம் குடியிருந்தது. மனைவி ஆரம்பப் பள்ளி டீச்சர். கணவருக்கு ரயில்வேயில் வேலை. அவர்களுடைய ஒரே மகளுக்குப் பிறந்ததிலிருந்தே கைகால் வசப்படாது, பேச்சும் வராது. ஏழு வயதிலும் டீச்சர் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் படியிறங்குவார். கீழே எங்கள் பவர்லூம் ஓடத் தொடங்கினால் அந்தப் பெண் உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பாள்.

"எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படி நினைத்தவள்தான்.

எனக்கு இரண்டாவது குழந்தை ஒன்பதாம் மாதத்தில் இறந்தே பிறந்தது. பக்கத்திலேயே இருந்து என்னைப் பார்த்துக்கொண்ட என் மாமியார், ஒருநாள் தாங்கமாட்டாமல், "நாம என்னா பாவம் பண்ணமோ தெரியலியே" என்று அழுதார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு நேர்ந்துகொண்டதை மறந்தேனா, யாரையாவது நோகப் பேசினேனா என்று என் வாழ்க்கையையே தோண்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிறு மதியம், காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனேன். டீச்சர் வீட்டில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். கதவு திறந்திருந்ததால் அவர் பேசியது அப்படியே கேட்டது.

"சிஸ்டர், குழந்தை இப்படி இருக்குதுன்னா, இந்த வீட்டுல மறைச்சு வெச்ச பாவம் ஏதோ இருக்குது. அதை ஆண்டவர்கிட்ட ஒத்துக்கிட்டு அறிக்கை பண்ணுங்க. குழந்தை நடக்கும்."

வந்திருந்தவர்கள் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரின் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் மகளின் வாயோரம் வழிந்த எச்சிலைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயா, என் பாவம் எனக்குத் தெரியும். கோபம் வருது, பொறாமை வருது. தினமும் மன்னிப்புக் கேட்டுகினுதான் இருக்கேன். அதுக்காக ஆண்டவர் இவ காலைப் புடுங்கிக்கினாருன்னு சொல்லாதீங்க. நான் கும்புடற ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்லீங்க. ஒரு பாவமும் பண்ணாத அவரையே சிலுவையில அடிச்சாங்க இல்லியா? எல்லாத்தையும் படைச்சிட்டு நல்லாருக்குன்னு சொன்னாரே, இவளை மட்டும் விட்டுட்டா சொன்னாரு?"

குரல் உயரவே இல்லை. போதகர் பைபிளை மூடிவைத்தார். ஒரு சின்ன ஜெபத்தோடு கூட்டம் முடிந்தது. "இருங்க ஐயா, காபி குடிச்சிட்டுப் போங்க" என்று டீச்சரே அவருக்கு டம்ளரை நீட்டினார். அதைப் பார்த்தபோது எனக்கு டீச்சர்மேல் இன்னும் மரியாதை கூடியது.

எல்லோரும் போன பிறகும் துணியை அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன். டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்.

"அப்போ, ஏன் டீச்சர் இப்படி ஆவுது?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. ஆதியில மனுஷன் பாவத்துல விழுந்தப்பவே உலகமே கோணிப்போச்சுன்னு நாங்க நம்பறோம். அந்த அடி ஏன் இவ மேல விழுந்துச்சுன்னா, எனக்குப் பதில் தெரியாது. சில நாள் ஆண்டவர்கூட சண்டையே போடுவேன். ஆனா அவர் தூர நின்னு வேடிக்கை பாக்கல. எங்ககூட உக்காந்து அழறாரு. அது மட்டும் தெரியும்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் குழந்தைக்குப் பேரு நெனச்சு வெச்சிருந்தியாம்மா?" என்றார்.

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "ஆங்" என்றேன். பெயரைச் சொன்னேன். சொன்னதும் அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. டீச்சர் எந்தச் சமாதானமும் சொல்லாமல் அந்தப் பெயரையே மெல்லத் திரும்பச் சொன்னார். மறுநாள் அதை என் மாமியாரிடமும் சொன்னேன். இரண்டு பேரும் ஒன்றாக அழுதோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பாவத்தைப் பற்றிப் பேசவில்லை.

போன வருஷம் அவர்களுக்கு மாற்றலாகிவிட்டது. நான் இன்றும் கிருத்திகைக்கு மலையேறிக்கொண்டுதான் இருக்கிறேன்; என்னை மதம் மாறச் சொல்லி டீச்சர் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பெண் இப்போது சக்கர நாற்காலியில் பள்ளிக்கூடம் போகிறாளாம். வீடியோ காலில் என்னைப் பார்த்தால் கையைத் தூக்க முயல்கிறாள். அவள் தூக்கி முடிக்கும்வரை டீச்சரும் அவசரப்படுத்துவதில்லை, நானும் பேசாமல் காத்திருக்கிறேன்.