மைக்செட் குரலை இறக்குகிறார்

ஓடுகிற இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, முதுகை வளைத்து, அதன் கூடவே நடக்கிறார். ஆமை போன்ற அந்தப் புல்வெட்டி பாதை ஓரம் வரை போய்த் தானாகத் திரும்புகிறது, அவரும் திரும்புகிறார். "பிளேடு மழுங்கிடுச்சு, கை சொல்லுது!" என்று எனக்குச் சொன்னது பூங்காக் குளத்துக்கு அந்தப் பக்கம் நடப்பவர்களுக்கும் கேட்டிருக்கும்.

பூங்காவில் அவர் பெயர் மைக்செட். பெட்ரோல் புல்வெட்டியைத் தள்ளித் தள்ளியே இரண்டு காதும் போனவர். நம் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். அந்த இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது பேட்டரியில் ஓடும் நாலு இயந்திரங்களை மேய்க்கிறார். புகை இல்லை. வெட்டிய புல் பொடியாக அங்கேயே விழுந்து மண்ணுக்கு உரமாகிறது. தேனீக்கள் வரும் பூ மூலைகளை இயந்திரம் தொடாதபடி அதற்கு எல்லை காட்டும் கம்பியை மண்ணில் வளைத்துப் புதைத்தவரும் இவர்தான். குருவிச் சத்தம் கேட்கிறது என்று நடைக்கு வருபவர்கள் மெச்சுகிறார்கள். "கேக்குதாமே! நல்லா இருக்கட்டும்," என்கிறார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவருக்குக் காது கெட்ட பிறகு அமைதி வந்திருக்கிறது.

அந்த அமைதியில் அவர் குரல் தனியாக மாட்டிக்கொண்டது. ஊர் முகம் சுளித்தால் அவருக்குக் கவலையில்லை. பேத்திதான் அவரை உடைத்துவிட்டாள். இவர் "கண்ணு" என்றாலே கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. "தாத்தான்னு நினைக்கல சார், இடின்னு நினைக்குது," என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அதன் பிறகு குழந்தைக்கு முன்னால் வாயைத் திறப்பதே இல்லையாம்.

வழியை அவர் கையே கண்டுபிடித்தது. ஒரு கை இயந்திரத்தின் மேல், மறு கை தன் தொண்டையில். இரண்டிலும் ஒரே அதிர்வு வரும்வரை குரலை இறக்குகிறார். "இது பக்கத்துல ஓடுறப்பகூட பாப்பா தூங்குதாம், பொண்ணு சொல்லுச்சு. அப்ப இதுக்கு மேல நான் போகக் கூடாது." ஆள் இல்லாத புல்தரையில் "கண்ணு, கண்ணு" என்று இயந்திரத்தோடு பேசிப் பழகுவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு அவர் பழகும் நேரத்தில் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

நேற்று மகள் தள்ளுவண்டியோடு வந்தாள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வண்டிக்கு முன்னால் மண்டியிட்டார். தொண்டையில் இரண்டு விரல் வைத்தார். உதடு அசைந்தது. பக்கத்துப் பெஞ்சில் இருந்த எனக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

குழந்தை அழவில்லை. அவரை உற்றுப் பார்த்தது.

அவர் பயத்தோடு மகளை நிமிர்ந்து பார்த்தார். சத்தம் வந்ததா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"வந்துச்சுப்பா. அவளுக்குக் கேட்டுச்சு," என்றாள் மகள், உதட்டை நிதானமாக அசைத்து.

அவர் குழந்தையின் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, இன்னொரு முறை சொன்னார்.