எடுக்க மறந்த இரண்டு

என் மகன் டெங்கிக் காய்ச்சலோடு கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில் பையனின் அப்பாவைச் சந்தித்தேன். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதுபவர். நீலச் சீருடை, சட்டைப் பையில் கட்டைப் பென்சில்.

அவர் மகனுக்கும் டெங்கிதான். தினமும் அப்பாவுக்கு ஒரு கணக்குப் புதிர் போடுவான். அவர் ஃபோர்த் என்ற கணினி மொழியில் தாளிலேயே விடை எழுதுவார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், தட்டு அடுக்குவதுபோல் எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக வரைவார்.

“மேல இருக்கிறதைத்தான் முதல்ல எடுக்க முடியும் அக்கா” என்று எனக்கும் விளக்கினார்.

ஒருநாள் புதிர் இது: ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண் எது? அவர் 5040 என்றார்.

“அப்பா, அதில பாதியே போதும்லா!” பையன் சிரித்தான். என் மகனும் சிரித்தான்.

அவர் தாளைப் பார்த்தார். “அடியில ஒரு ரெண்டு கிடக்குது. எடுக்க மறந்துட்டேன், அதையும் சேர்த்துப் பெருக்கிட்டேன். நாளைக்குச் சரியா எழுதிட்டு வரேன்டா.”

மறுநாள் விடியும்முன் பையன் இறந்துபோனான். துணிகளை எடுக்க வந்த அவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார்.

“சரியான்னு உங்க மகனைப் பார்க்கச் சொல்லுங்கக்கா. என் பையன் பார்க்கிறதா இருந்துச்சு.”

அவர் துணிகளோடு கீழே இறங்கிப் போனார். என் மகன் அந்த அடுக்குகளை வரிவரியாகப் பின்தொடர்ந்தான். 2520. அடியில் எதுவும் மிஞ்சவில்லை.

“சரிதாம்மா. போய்ச் சொல்லுங்க.”

படியிறங்கி ஓடினேன். வாசலில் அவர் இல்லை. பெயர்கூடக் கேட்டுவைக்கவில்லை.

என் மகன் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டான். தாள் என் கைப்பையில் இருக்கிறது. அந்த விடை சரியா தப்பா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.