தி. நகர் கம்ப்யூட்டரில் என் ஜாதகம்

மயிலாப்பூரில் ஜாதகப் பரிவர்த்தனை நிலையம் நடத்திய ஒரு மாமா, வாயைத் திறக்காதவர் என்று பெயர் எடுத்தவர். அதை நம்பித்தான் அண்ணாவுக்குத் தெரியாமல் என் ஜாதகத்தை அவரிடம் கொடுத்தேன். விவாகரத்து ஆகி, ராஜா அண்ணாமலைபுரத்தில் அண்ணா வீட்டில் இருந்த சமயம். எனக்கு மறுமணம் என்று மன்னி பேச்செடுத்தாலே அண்ணா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார். அதனால், கடிதம் போட்டால் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குத்தான் போட வேண்டும் என்று சொல்லிவைத்தேன். மாமாவும் ஜாதகத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் 'ரகசியம்' என்று எழுதி, அடிக்கோடும் போட்டார்.

எதற்கெடுத்தாலும் கம்ப்யூட்டர் என்று ஊரே பேசிய தொண்ணூறுகள் அவை. மாமாவையும் அந்த ஆசை விடவில்லை. இருந்த ஜாதகங்களை எல்லாம் தி. நகரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அவர்கள் ஏற்றி வைத்துக்கொண்டு, கேட்கும்போது பொருத்தமானதை அச்சடித்துக் கொடுப்பார்கள். வீட்டு விலாசம் உட்பட எல்லாம் ஏறியது, சிவப்பு மையைத் தவிர.

ஒரு சனிக்கிழமை, அடையாறில் வேறொரு நிலையத்திலிருந்து வீட்டுக்கே கவர் வந்தது. அண்ணா பிரித்துவிட்டார். உள்ளே என் ஜாதகமும் அதற்குப் பொருந்தும் வரன்களும்! நான் நேரே மாமா வீட்டுக்கு ஓடினேன்.

"அவா கூடப் போட்ட ஒப்பந்தத்தைப் படிச்சேளா மாமா?"

"எங்கேம்மா படிக்கறது? அன்னிக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் வந்துடுமேன்னு அவசரமா கையெழுத்தைப் போட்டுட்டு வந்துட்டேன்."

நல்ல நேரத்தில்தான் போட்டிருந்தார். ஏற்றிய விவரங்களைக் கம்பெனி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. கேட்டால் அழித்துவிட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

அண்ணா வக்கீல். வேறு வழியில்லாமல் அந்த ஒப்பந்தத்தை அவர் முன்னாலேயே கொண்டுபோய் வைத்தேன். படித்தார், அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். வீட்டை விட்டுப் போ என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

வெளியே வந்தபோது கையில் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய இங்கிலீஷ் நோட்டீஸ் இருந்தது. மன்னிக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னார், கோர்ட்டுக் குரலில்: "மறுமணம் செய்துகொள்ள விரும்பும் என் கட்சிக்காரர், தன் சம்மதமில்லாமல் தன் விவரங்களை யாருக்கும் தரக்கூடாது என்றும், உடனே அழிக்க வேண்டும் என்றும்…"

மறுமணம் என்ற வார்த்தையை அவர் வாயால் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அண்ணா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சரியாத்தானே எழுதியிருக்கேன்? விரும்பறே இல்லையா?"

"ஆமாம் அண்ணா" என்றேன்.