தரையை விட மறுத்த இடது கால்

நீளம் தாண்டப் பழக்குகிறவர் என்றால் கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப்வாட்சுமாக நிற்பவர் என்று யாராவது சொன்னால் அவர் நம் ஆள் இல்லை. நம் கையில் பெரும்பாலும் இருப்பது மண்வெட்டி. ஒவ்வொருத்தி குதித்த பிறகும் குழியைக் கிளறிச் சமன் செய்ய வேண்டும். கடலோரத்தில் இருக்கிறீர்களே, மணலுக்கு என்ன பஞ்சம் என்று வெளியூர்ப் பயிற்சியாளர்கள் என்னிடம் பொறாமையாகக் கேட்பார்கள். எங்கள் மணலில் நண்டு ஓடு, மீன் முள், வலைத் துண்டு, பாட்டில் மூடி எல்லாம் கிடக்கும் ஐயா. அதையெல்லாம் பொறுக்கி முடித்த பிறகுதான் நான் டீச்சர், அதுவரைக்கும் தோட்டிதான்.

என் பெயர் எஸ்தர். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். சாயங்காலங்களில் லைட்ஹவுஸ் குப்பத்துக் கடற்கரையில் சில பெண்களுக்குத் தாண்டப் பழக்குகிறேன். அதில் ஒருத்தி மகேஸ்வரி, தோணிரேவுப் பெண், பிளஸ் டூ முடித்தவள். இங்கே நான் சொல்லப்போவது முக்கால்வாசி அவளைப் பற்றித்தான். காலையில் அம்மாவோடு ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவுவாள், சாயங்காலம் என்னிடம் வருவாள். கல்லூரி விளையாட்டு ஹாஸ்டலுக்கு ஒரு தேர்வுப் போட்டி இருந்தது. அதில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வராவிட்டால் அடுத்த வாரமே எளாவூர் பக்கம் இறால் உரிக்கும் கம்பெனிக்கு வேன் ஏற வேண்டும் என்று அவள் அப்பா ஏழுமலை முடிவாகச் சொல்லிவிட்டார். அவர் கோபக்காரர் இல்லை. கம்பெனி மேஸ்திரியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

ஐஸ் பெட்டி

தாண்டுகிறவர்களுக்குப் பலம் மட்டும் போதாது. இருக்கிற பலத்தை எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் தரையில் இறக்கத் தெரிய வேண்டும். அதற்குத்தான் பெட்டி மேல் எகிறிக் குதிக்கும் பயிற்சி. பெரிய ஊர்களில் இதற்கென்றே மரத்தில் பெட்டி செய்து வைத்திருப்பார்கள். நமக்கு வாய்த்தது மீன் பெட்டி. காலி கிரேடுகளைக் கவிழ்த்துப் போட்டு வேலையைத் துவக்கினேன். அவை ஒரு வாரத்தில் விரிசல் விட்டன.

அதன் பிறகு ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒரு அண்ணன் தன் ஐஸ் பெட்டியைக் காட்டி, "இதும் மேல யானையே ஏறலாம், எடுத்துக்குங்க" என்றார். தாராள மனசு. அது காலிப் பெட்டி என்று நானும் நினைத்துவிட்டேன். மகேஸ்வரி அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தாள். மூச்சை இழுத்து ஒரே எகிறு. மூடி இரண்டாகப் பிளந்து, முழங்கால் வரை ஐஸும் வஞ்சிரமுமாக நின்றாள். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தடவிப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. படகுக்கார அண்ணன் நிதானமாக வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு நீளமா தாண்டும்னுதான சொன்னீங்க டீச்சர், ஆழமாவும் தாண்டும்னு சொல்லவே இல்லியே!"

யாருக்கு எந்த இடம்

பயிற்சிக்கு முன் நான் ஒரு நிமிஷம் கண்ணை மூடி ஜெபம் செய்வேன். சத்தமாகத்தான் செய்வேன், எனக்கு மனசுக்குள் ஜெபித்தால் தூக்கம் வந்துவிடும். என்னிடம் வருகிற பெண்கள் எல்லாரும் அம்மனைக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளைகள். யாரையும் நான் கூட நிற்கச் சொன்னதில்லை. ஆனாலும் நிற்பார்கள், சிலர் செருப்பையும் கழற்றிவிடுவார்கள்.

இதற்கு ஒருநாள் வீட்டிலிருந்து ஆட்சேபம் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். மகேஸ்வரியின் அம்மா ஜெயா கடற்கரைக்கே வந்து, நான் ஜெபித்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று தயாராக இருந்தேன். ஜெயா ரொம்ப நேரம் யோசித்தவளாகச் சொன்னாள்: "தண்ணில எங்க அம்மன் பாத்துக்குறா டீச்சர். இவ குதிக்கிறது தரையில. அத உங்க சாமியையே பாத்துக்கச் சொல்லுங்க, கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்க."

எண்ணெய்க் குப்பி

அழுத்தித்தான் சொன்னேன். அப்படிச் சொல்லவேண்டிய நிலைமையும் இருந்தது. மகேஸ்வரி ஓடி வரும் வேகம் அலாதி. ஆனால் குழிக்கு முன்னால் மிதித்து எழும்பப் பதித்திருக்கும் பலகைக்கு வந்ததும் இடது கால் சொதப்பும். ஓங்கி இறங்க வேண்டிய கால், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் வைப்பதுபோல மெதுவாக வந்து, தரையைத் தடவிக்கொண்டு சறுக்கும். ஓடிச் சேர்த்த வேகமெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், தரையைக் காய்ந்த தோசைக்கல் என்று நினைத்துக்கொள் என்றேன். சரி டீச்சர் என்பாள், மறுபடியும் தடவுவாள்.

வேறு வழியில்லாமல் எங்கள் சபையின் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஒரு குறிப்புக் கொடுத்தேன்: மகேஸ்வரி என்கிற பிள்ளையின் இடது காலுக்காக ஜெபிக்கவும். அதற்கு மேல் விளக்கவில்லை, அது என் சோம்பேறித்தனம். அடுத்த வாரம் சபையிலிருந்து இரண்டு அக்காமார் நோயாளிகளுக்குப் பூசும் ஜெப எண்ணெய்க் குப்பியோடு ஷேர் ஆட்டோவில் கடற்கரைக்கு வந்து இறங்கினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மகேஸ்வரி அவர்கள் முன்னால் புயலாக ஓடிவந்து, சொதப்பலோடுதான், ஆனாலும் மணல் தெறிக்கக் குழியில் விழுந்தாள். இரண்டு பேரும் கையை உயர்த்தி ஸ்தோத்திரம் சொல்லி அழுதே விட்டார்கள். மூத்த அக்கா எண்ணெய்க் குப்பியைப் பைக்குள் திரும்ப வைத்தபடி சொன்னார்: "நாங்க வந்து சேர்றதுக்குள்ளயே சுகமாயிட்டாளே எஸ்தர்!"

ஏரிக்குள் டீச்சர்

அந்த இரவு நான் சிரித்துக்கொண்டே முழங்காலில் நின்றேன், பிறகு சிரிப்பு போய்விட்டது. போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆண்டவரே, அவள் காலை மாற்றும் என்று கேட்டேன். நாம் எல்லாரும் ஜெபத்தில் இப்படித்தான், இன்னொருத்தரை மாற்றும்படிதான் கேட்போம். அவர் அவள் காலை விட்டுவிட்டு என் காலைப் பிடித்தார். சனிக்கிழமை காலையில் ஜெயாவுக்குக் காய்ச்சல், கூட ஆளில்லாமல் மகேஸ்வரியை ஏரிக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது என்று எனக்குப் போன் வந்தது. நான் போய் நின்றேன்.

இடுப்புத் தண்ணீரில் உட்கார்ந்தமாதிரி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி, அகப்படும் இறாலை வாயில் கவ்விய பறியில், அதாவது ஓலைக் கூடையில், போட வேண்டும். சும்மா கூட நடந்தால் போதும் என்றாள் மகேஸ்வரி. நான் பி.டி. டீச்சர் அல்லவா, மிடுக்காகக் காலைத் தூக்கி ஓங்கி ஊன்றினேன். அவள் பறியைத் துப்பிவிட்டு ஒரு அலறல் அலறினாள். சேற்றுக்கடியில் திருக்கை படுத்திருக்கும், மேலே மிதித்தால் வால் முள்ளால் அடிக்கும், காலை உரசிக்கொண்டே போனால் அதுவாக விலகிவிடும். இந்த ஏரியில் நடை பழகியவர்கள் யாரும் காலைத் தூக்கி வைக்கமாட்டார்கள். நான் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் பலகையில் அந்த இடது கால் சொதப்பவே இல்லை. சின்ன வயதிலிருந்து அவளைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த கால் அது. அதைப் போய் இத்தனை மாசமாகத் திட்டியிருக்கிறேனே! மகேஸ்வரிக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு நான் கரையேறினால் போதும் என்றிருந்தது. சொன்னாள்: "காலைத் தூக்காதீங்க டீச்சர், இழுத்துகினே வாங்க! உங்களுக்கு எதுனா ஆச்சுன்னா நைனா என்ன வூட்ல சேக்கமாட்டாரு!"

அடியில் முள்

காரணம் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ஆனால் பயத்தை விடு என்று சொன்னால் பயம் போய்விடுமா? அது மூளையில் இல்லை, பாதத்தில் இருந்தது. இங்கே தரைதான், மணல்தான், திருக்கை இல்லை என்று நூறு முறை சொன்னாலும் பாதம் நம்பாது. அதுவரை அவள் வெறுங்காலோடுதான் குதித்துக்கொண்டிருந்தாள், ஷூ போட்டால் தரை தெரியவில்லை என்பாள். நானும் சரி என்று விட்டிருந்தேன்.

என்னுடைய பழைய ஸ்பைக் ஷூவைத் தேடி எடுத்தேன். முன்பக்கம் பஞ்சு திணித்ததும் அவளுக்குச் சரியாக இருந்தது. ஷூவைத் திருப்பி அடியில் இருந்த ஆணிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கட்டிக்கொண்டு ஓடினாள். முதல் தடவை கால் தரையைத் தடவியது. அப்புறமும் தடவியது. இருட்டுகிற நேரத்தில் பலகையில் 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. மண்வெட்டியோடு குனிந்திருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தச் சத்தத்தை அவளிடமிருந்து நான் கேட்டதே இல்லை. குழியில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தூக்கி ஷூவின் அடியை எனக்குக் காட்டினாள்: "இப்ப முள்ளு நம்மகிட்ட கீது டீச்சர். இனிமே திருக்கைதான் பயப்படணும்!"

ஏழுமலை அண்ணன் கேட்ட கேள்வி

தேர்வுப் போட்டிக்கு ஏழுமலை அண்ணனும் வந்தார். மகள் தாண்டி அவர் பார்த்ததே இல்லை. பயிற்சியாளர்கள் கம்பிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் என் பக்கத்தில் சட்டைப் பையில் போனோடு நின்றார். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. மகேஸ்வரியின் முதல் தாண்டலில் கால் பலகையைத் தாண்டிப் போய்விட்டது, சிவப்புக் கொடி. "செவப்பு இன்னாத்துக்கு?" என்றார். கணக்கில் வராது என்றேன். இரண்டாவதில் பலகைக்குப் பயந்து பழைய தடவல் திரும்ப வந்தது. வெள்ளைக் கொடிதான், ஆனால் தூரத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவதற்கு அவள் போய் நின்றபோது வழக்கமாக நான் கத்துகிற எதுவும் வாயில் வரவில்லை. தூரம் வேண்டாம் ஆண்டவரே, இந்த ஒரு தடவை பயமில்லாமல் காலை வைக்கட்டும் என்று மட்டும் கேட்டேன், கண்ணைத் திறந்துகொண்டே. ஓடிவந்தாள். 'டொப்'. அவ்வளவு பெரிய மைதானத்தில் எனக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. வெள்ளைக் கொடி. டேப்பை இழுத்துப் பிடித்தார்கள். மற்றவர்கள் தாண்டி முடிக்கும்வரை நான் நின்றேனா, உட்கார்ந்தேனா, தெரியாது. மைக்கில் மூன்றாவது பேராக அவள் பேரைச் சொன்னபோது நான் போட்ட ஸ்தோத்திரத்தில் டீ விற்கிறவர் கெட்டிலைச் சாய்த்துவிட்டார். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்தமாதிரி இருந்தது, அழுதேன். ஏழுமலை அண்ணன் கொஞ்சம் தள்ளிப்போய் போனை எடுத்து, மேஸ்திரியிடம், "பொண்ணு வராதுபா, வேற ஆளப் பாத்துக்க" என்று மட்டும் சொல்லி வைத்தார். திரும்பி வந்து, மைதானத்தைப் பார்த்தபடியே, என்னிடம் கேட்டார்: "ஹாஸ்டலுக்குப் பாயி, தலகாணி நாம எடுத்துனு போவணுமா டீச்சர், இல்ல அவங்களே குடுத்துருவாங்களா?"

ஆக, மண்வெட்டி பிடித்த என் சகாக்களே, ஒருத்தியைத் தரையை விட்டுக் கிளப்பத்தான் இத்தனை கத்தல், இத்தனை ஜெபம், இத்தனை பழைய ஷூ எல்லாம். அவள் கிளம்பிப் போன பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு குழியைச் சமன் செய்வதென்னவோ நாம்தான்.