நானே வழி சொல்லி அனுப்பிய வண்டி

போன வருடம் மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நாங்கள் இருக்கிறோம். கணவர் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவர். நான் தமிழ்ப் பாடசாலை ஆசிரியை. அன்று நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது மூன்று வயது மகள் வந்து கையை நீட்டினாள். அப்பாவின் சாமான் பெட்டியிலிருந்து, போல்ட்டுக்கு அடியில் போடும் தடித்த இரும்பு வாஷர் ஒன்றை எடுத்து மோதிரமாகப் போட்டிருந்தாள். "அழகா இருக்குடி" என்று சொன்னது நான்தான்.

கழற்றப் பார்த்தபோது வரவில்லை. சவர்க்காரம் போட்டேன். தேங்காய் எண்ணெய் போட்டேன். இழுக்க இழுக்க விரல் வீங்கியது. அதன்பிறகு சந்தித்த ஒவ்வொருவரும் "சவர்க்காரம் போட்டீங்களா?" என்றே கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர், ஓட்டோக்காரர், ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காவலாளி, தொலைபேசியில் மாமியார். மாமியார் இரண்டு தடவை கேட்டார்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் நூலைச் சுற்றி முயன்று பார்த்தார். தங்க மோதிரம் வெட்டும் சாமான்தான் தங்களிடம் இருக்கிறது, இந்தத் தடிப்பு இரும்பை வெட்டும் கருவி தீயணைப்புக்காரர்களிடம் இருக்கும் என்றார். அங்கே போங்கள், வெட்டியதும் திரும்பி வந்து காட்டுங்கள், விரல் நிறம் மாறினால் உடனே வாருங்கள் என்று அனுப்பினார். பிள்ளையின் விரலுக்கு வைத்தியம் பார்க்கத் தீயணைப்பு நிலையம் போக வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நிலையத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. தண்ணீர்த் தொட்டியோடு பெரியது ஒன்று, மீட்பு வேலைக்கென்று சின்னது ஒன்று. பொறுப்பதிகாரி நடுத்தர வயதுச் சிங்களவர். மகளைச் சின்ன வண்டியின் பின்படியில் உட்கார வைத்தார். வண்டியின் பக்கவாட்டுத் தகட்டை மேலே தூக்கினார். உள்ளே ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு அறை. கோடரி, கயிறு, காற்றுச் சிலிண்டர், கையால் தூக்கிப் போகும் சின்னப் பம்பு, கடைசியாக வெட்டும் கருவிப் பெட்டி.

என் கணவர் அதைப் பார்த்துச் சொக்கிப்போனார். பம்பு நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் இழுக்கும், எஞ்சின் எந்தக் கம்பெனியுடையது என்று கேட்கத் தொடங்கினார். அதிகாரிக்கும் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம். கருவிக்கு வெட்டும் பல்லை மாட்டிக்கொண்டே, தான் கொழும்பில் வேலை செய்த கதையைச் சொன்னார். அங்கே ஏணிக்கு ஒரு வண்டி, மீட்புக்கு ஒன்று, தண்ணீர் சுமக்க ஒன்று, எண்ணெய்த் தீக்கு நுரை அடிக்க ஒன்று. ஒரு நிலையத்து வண்டி வெளியே போனால் பக்கத்து நிலையம் அந்த இடத்தையும் பார்த்துக்கொள்ளும். வேலை மாறும் நேரத்திலேயே யார் வண்டியை ஓட்டுவது, யார் பம்பைப் பார்ப்பது, யார் குழாயைப் பிடிப்பது என்று பிரித்துவிடுவார்கள். ஆளைப் பிரிக்கிற முறை இங்கேயும் அதேதானாம். வண்டிகள்தான் நீங்கள் பார்க்கிற இந்த இரண்டும் என்றார்.

மகள் அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, உங்களுக்கு மக முக்கியமா, மோட்டர் முக்கியமா?"

"அவரு வேலையத்தான் பாக்குறாரு டீச்சரம்மா. வாய் பேசுனா கை நிக்கவா போகுது?" என்றார் கணவர்.

அப்போது தொலைபேசி மணி அடித்தது. எடுத்த இளைஞர் சிறிது நேரம் கேட்டுவிட்டு, முகம் சுருங்கி, எங்கள் பக்கம் பார்த்து "தமிழ், தமிழ்" என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. பேசும் பெண்ணுக்குப் பதற்றத்தில் சிங்களம் வரவில்லை போலிருக்கிறது. அதிகாரி என்னைப் பார்த்தார். மகளைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

"அக்கா, லயத்துல நெருப்புங்க. கடைசி வீட்டு அடுப்படியில பத்திக்கிச்சு. கூரையில ஏறிருச்சுக்கா."

எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்று கேட்டேன். வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் கேட்கும்படி இளைஞர் சைகை செய்தார். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் தொழிலாளர் வீடுகள், அதற்கு ஏது வீதிப் பெயர்? அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்ன பெயரைக் கேட்டதும் எனக்கு இடம் புரிந்துவிட்டது. திருமணத்துக்கு முன் அந்தத் தோட்டப் பாடசாலையில்தான் படிப்பித்தேன். நான் சிங்களத்தில் வழி சொல்லச் சொல்ல, பெரிய வண்டியின் ஆட்கள் தொப்பியை மாட்டி ஏறிவிட்டார்கள். எஞ்சினும் உறுமியது.

அதோடு என் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தபோதுதான் பாலம் ஞாபகத்துக்கு வந்தது. லயத்துக்குக் கீழே ஆற்றின்மேல் ஒடுங்கிய இரும்புப் பாலம். கொழுந்து லொறியே அதில் ஏறாது. இக்கரையில் நிற்கும், டிராக்டர்தான் அக்கரைக்குப் போய் வரும். இந்தத் தண்ணீர் வண்டி நிச்சயமாகப் போகாது. சின்ன வண்டி போகும். அந்தச் சின்ன வண்டியின் படியில்தான் கணவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி கருவியை அவள் விரலருகே கொண்டுபோயிருந்தார்.

ஒருவேளை பாலத்தை அகலமாகக் கட்டியிருப்பார்களோ? அங்கே போய் எவ்வளவு வருடம் ஆகிறது? பேசாமல் இருந்தால் என்ன? இவ்வளவும் ஒரே மூச்சில் தோன்றின. காதில் அந்தப் பெண் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இருக்கீங்களா? லைன்ல இருக்கீங்களாக்கா?"

அதிகாரியிடம் பாலத்தைப் பற்றிச் சொன்னேன். கணவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அதிகாரி உடனே கருவியைப் பெட்டியில் வைத்தார். பெட்டியை மூடி அதன் அறையில் வைத்துத் தகட்டை இறக்கினார். அந்தக் கருவியை மட்டுமாவது விட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். உள்ளே யாராவது சிக்கியிருந்தால் அங்கே தேவைப்படும், இதைப் பிடித்து வெட்டத் தெரிந்த நானும் போகிறேனே என்றார். "நங்கி, கையை மேலே தூக்கிப் பிடித்திருங்கள்" என்று தங்கைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். இரண்டு வண்டிகளும் சைரனோடு போய்விட்டன. வெறும் கொட்டகையில் நாங்கள் மூவரும், தொலைபேசியை விட்டு நகர முடியாத அந்த இளைஞரும் மட்டும்தான்.

அவர் குளிர்பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்துக் கொடுத்தார். நான் மகளின் நகத்தை அழுத்துவதும், வெளுத்து மறுபடி சிவக்கிறதா என்று பார்ப்பதுமாக இருந்தேன். ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போகலாமா, போனால் அதற்குள் வண்டி வந்துவிடுமா? எழுந்தேன், உட்கார்ந்தேன். எல்லாக் கோபமும் கணவர்மேல் திரும்பியது. பெட்டியைப் பூட்டி வைக்கத் தெரியாதா, கதை கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் வெட்டி முடித்திருப்பார்களே என்று பொரிந்து தள்ளினேன்.

"அனுப்புனது நீ, திட்டு எனக்கா?" என்றார். பிறகு, "நானா இருந்தா சொல்லியிருப்பேனோ என்னமோ" என்றார். நான் மகளின் நகத்தை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன். மாமியார் மறுபடி அழைத்தார். நான் எடுக்கவில்லை.

விரல் நுனி லேசாகக் கறுப்பதுபோல் தெரிந்தது. கிளம்பலாம் என்று மகளைத் தூக்கிய நேரத்தில் சின்ன வண்டி மட்டும் திரும்பி வந்தது. அதிகாரியின் முகமெல்லாம் கரி. கழுவக்கூட இல்லை, கையை மட்டும் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். வாஷருக்கும் விரலுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் செருகினார். இளைஞரை வாசலுக்குக் கூப்பிட்டுத் இரும்பு சூடேறாமலிருக்கத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. டிக் என்று ஒரு சத்தம். அதுவரை விசும்பிக்கொண்டிருந்த மகள் அப்போதுதான் வீரிட்டு அழுதாள். வெட்டுப்பட்டது விரலோ என்று உயிரே போய்விட்டது எனக்கு.

"என் மோதிரத்த ஒடச்சிட்டாங்க" என்றாள்.

அதிகாரிக்கு அர்த்தம் சொன்னேன். கரி முகத்தோடு அவர் சிரித்தார். இரண்டு அடுப்படியும் ஒரு வீட்டுக் கூரையும் எரிந்துவிட்டன, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை என்றார். பெரிய வண்டி பாலத்துக்கு இக்கரையிலேயே நின்றுவிட்டதாம். சின்னப் பம்பை ஆற்றில் இறக்கித்தான் மற்ற வீடுகளுக்குத் தீ பரவாமல் தடுத்தார்களாம். ஆஸ்பத்திரியில் காட்டினோம். சில நாளில் வீக்கம் வடிந்தது.

நல்ல காரியம் செய்தாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். விரல் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். இப்போதும் எங்காவது சைரன் கேட்டால், வண்டி யாரையோ காப்பாற்றப் போகிறது என்று எல்லோரையும்போல் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அது யாரைக் காத்திருக்க வைத்துவிட்டுப் போகிறதோ என்று நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.