நெடுந்தீவு ஜீப்பின் சத்தம்

பழைய ஜீப் திருத்துகிறவனுக்குத் திருத்துகிற வேலையைவிட, பழுது எங்கே என்று சொல்லுகிற வேலைதான் பயம். கராச் வைத்திருந்தவர்களுக்கும், ஓடும்போது காலுக்குக் கீழே ஏதோ இடிக்க நெஞ்சு திடுக்கிட்டவர்களுக்கும் இது விளங்கும். எழுபதுகளில் யாழ்ப்பாணத்துப் புளியங்கூடலில் எனக்கு ஒரு சின்னக் கராச் இருந்தது. என்னை அதிகம் கலங்கடித்த வாகனம் அங்கே ஒருநாளும் வந்ததில்லை. அது கடலுக்கு அப்பால் நெடுந்தீவில் நின்றது.

வாயால் வந்த சத்தம்

ஜீப் தில்லையம்பலம் அண்ணையுடையது. நெடுந்தீவில் கடை வைத்திருந்தவர். நோய் கண்ட வருத்தக்காரரை லோஞ்சுத் துறைக்கு ஏற்றிப் போவதும் அந்த ஜீப்தான். ஒருநாள் கடலைக் கடக்க லோஞ்சேறி, பிறகு பஸ் பிடித்து, வெறுங்கையோடு வந்து நின்றார்.

"ஜீப் எங்கை அண்ணை?"

"அதை மடியிலயோ வைச்சுக்கொண்டு வாறது? சத்தத்தைக் கொண்டந்திருக்கிறன்" என்றவர், கதிரையில் இருந்து உதட்டைக் குவித்து, "கீச்... கீச்... கீச்" என்றார். ஜீப் மெல்லப் போனால் சத்தமும் மெல்ல வருமாம், விரைந்தால் விரையுமாம்.

எனக்குப் புறொப் சாஃப்டில் சந்தேகம் விழுந்தது. கியர் பொக்சின் சுழற்சியைப் பின் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் நீட்டு இரும்புக் குழாய் அது. இரண்டு முனையிலும் மடங்கிச் சுழல ஒவ்வொரு ஜொயின்ட் இருக்கும். உள்ளே கிறீஸ் வற்றினால் இப்படிக் கீச்சிடும். கிறீஸ் அடிக்கச் சொன்னேன். சொன்ன பிறகுதான், கண்ணால் காணாத வாகனத்துக்கு மருந்து சொல்லிவிட்டேனே என்று உறைத்தது. அவரோ ஆறுதலாக எழும்பினார். "சத்தத்தை உம்மட்டை ஒப்படைச்சிட்டன் தம்பி. இனி அது உம்முடைய பொறுப்பு."

பரமேசக்கா வைத்த கை

அடுத்த செய்தியை அவருடைய மனைவி பரமேசக்கா கொண்டுவந்தா. வேலணையில் ஒரு கலியாணத்துக்கு வந்தவ, பட்டுச் சேலையோடு கராச் வாசலில் இறங்கினா.

"கீச்சுச் சத்தம் நிண்டிட்டுது. இப்ப டொக் எண்டு இடிக்குது. அக்சிலேற்றரிலை இருந்து காலை எடுக்கேக்க ஒருக்கா, மிதிக்கேக்க ஒருக்கா. நான் ஜீப்புக்குள்ளை தரையிலை கையை வைச்சுப் பாத்தனான். பின்பக்கம்தான்."

"கீழை குனிஞ்சு பாத்தனீங்களோ அக்கா?"

"ஓம். பின் ஜொயின்டைச் சுத்திச் செங்கல் தூள் மாதிரிக் கிடக்குது."

துரு. ஜொயின்ட் உள்ளுக்குள் தேய்ந்து முடிந்துவிட்டது. ஓட்டத்தில் அந்தக் குழாய் கழன்றால் என்ன நடக்கும் என்று நினைக்கவே எனக்கு வேர்த்தது. ஜீப்பை நிற்பாட்டி, குழாயைக் கழற்றி அனுப்பச் சொன்னேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தா. "கழற்றி அனுப்பலாம். அதுக்கிடையிலை ஒருத்தருக்கும் வருத்தம் வரக்கூடாதெண்டு நீர் வந்து சொல்லிவிடுவீரோ?"

சாக்குக்குள் வந்த குழாய்

குழாய் சாக்குக்குள் கருவாட்டு மணத்தோடு பஸ் கூரையில் வந்தது. வெளிநாட்டுச் சாமான் கிடைக்காத காலம். யாழ்ப்பாணம் முழுக்க அலைந்தும் ஒரேயொரு ஜொயின்ட்தான் அகப்பட்டது. அதைப் பின்முனைக்குப் போட்டேன். முன்முனையை ஆட்டிப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. பூட்டுகிற விதம் மாறாமலிருக்க வெள்ளைப் பெயின்டில் அடையாளமும் வைத்து அனுப்பினேன்.

குழாய் போய்ச் சேர்ந்த பிறகு கடல் கொந்தளித்துச் சில நாள் லோஞ்சு ஓடவில்லை. செய்தி ஒன்றும் வரவில்லை. கடைசியில் வந்த செய்தி, முழு ஜீப்பும் நடுங்குகிறது என்பதுதான். நானே லோஞ்சேறினேன். வழியெல்லாம் சத்தி எடுத்து, இறங்கின கையோடு ஜீப்பின் கீழே புகுந்தேன். அந்தக் குழாய் பல்லோடு பல்லுப் பொருந்தி ஒன்றுக்குள் ஒன்று வழுகும் இரண்டு துண்டு. இரண்டு முனையும் ஒரே நேரில் நிற்காவிட்டால் நடுங்கும். அண்ணை அதை இழுத்துப் பிரித்து, திரும்ப ஒரு பல்லுத் தள்ளிப் பூட்டியிருந்தார்.

"அடையாளம் வைச்சனானே அண்ணை?"

"அதை ஊத்தை எண்டு நினைச்சு, மண்ணெண்ணை போட்டு வடிவாத் துடைச்சனான் தம்பி."

முன் சில்லை நம்பி

நேராகப் பூட்டினேன். ஆனால் நடுக்கத்தோடு ஓடின நாட்களில் முன் ஜொயின்ட் ஆட்டம் கண்டுவிட்டது. வேறு ஜொயின்ட் வரும்வரை ஓடவேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைக் கதிரையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். குடல்வளரி வீங்கி வெடிக்கிற நிலையாம். யாழ்ப்பாணத்தில் உடனே வெட்டவேண்டும். லோஞ்சு மாவிலித்துறையில் காத்து நின்றது. அன்றைக்குத் தீவில் ஓடக்கூடிய வேறு வாகனம் இல்லை.

அண்ணையைப் பக்கத்தில் இருத்தி நானே ஓட்டினேன், நடக்கிற வேகத்தில். பாதி வழியில் "டமார்!" குழாயின் முன்முனை கழன்று தரையில் இடித்தது. விரைவாகப் போயிருந்தால் அது நிலத்தில் குத்தி ஜீப்பைக் கவிழ்த்திருக்கும். அண்ணை தலையில் கை வைத்தார். வாத்தியார் முனகினார். நான் கீழே புகுந்தேன். மற்ற முனையையும் கழற்றி, குழாயை இழுத்தெடுத்து ஜீப்புக்குள் போட்டேன். நாலு சில்லும் இழுப்பதற்கான லீவரைப் போட்டால், பின்பக்கம் செத்தாலும் முன் சில்லுகள் இழுக்கவேண்டும். கிளச்சை விட்டேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு ஜீப் நகர்ந்தது.

துறையில் லோஞ்சுக்குத் தூக்கும்போது வாத்தியார் என் கிறீஸ் கையைப் பிடித்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, அங்கை என்னை வெட்டப்போற டொக்டரும் உம்மைப்போலப் பழுதைக் கழற்றிப்போட்டு மிச்சத்தை ஓடவிட்டால் அதுவே எனக்குக் காணும்."

வெட்டின பிறகு வாத்தியாருக்கு வலி நின்றது, புது ஜொயின்ட் போட்ட பிறகு ஜீப்புக்குச் சத்தம் நின்றது, எனக்கு மட்டும் இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் காலுக்குக் கீழே கேட்கிற சத்தத்தில் காது போய் நித்திரை வருவதில்லை.