சைக்கிள் ஓடி வந்த ஓதக்காரர்

1. கோல்ட் கேஸ்

"சிஸ்டர், இந்தாள் ஏன் லிஸ்ற்றிலை? இங்கை ஒண்டும் இல்லையே!"

ஒப்பரேசனுக்கு முதல்நாள், வாட் றவுண்டில் சேர்ஜன் என்னிடம் கேட்டார். திரைக்குப் பின்னால் சாரத்தைப் பிடித்தபடி நின்றவர் புத்தூர்க் கந்தசாமி. விதைப்பையில் நீர் கோத்த வருத்தம். ஊரில் ஓதம் என்பார்கள், நாங்கள் ஐதரோசீல் என்று எழுதுவோம். இரண்டு மாதத்துக்கு முன் கிளினிக்கில் பார்த்தபோது தேங்காயளவு இருந்தது. இப்போது சுருங்கிய பைதான் மிச்சம்.

ஆண்கள் சத்திரசிகிச்சை வாட்டுக்கு அப்போது நான்தான் பொறுப்பு. சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, கரண்ட் இல்லை. காயக்காரருக்கே மருந்து போதாது. உயிருக்கு ஆபத்தில்லாத நோயாளிக்கு எங்கள் பாசையில் கோல்ட் கேஸ் என்று பெயர். அவர்களுக்குக் கிழமையில் ஒருநாள்தான் தியேட்டர்.

"தேங்காய் எங்கை போட்டுது?" என்று கந்தசாமியைக் கேட்டேன். பெண்பிள்ளை கேட்டதும் அவர் நிலத்தைப் பார்த்தார்.

"பரியாரியாரைக் கொண்டு முந்தநாள் ஊசி குத்தித் தண்ணியை எடுப்பிச்சனான், மிஸி."

"நாளைக்கு ஒப்பரேசன் எண்டு தெரிஞ்சுகொண்டோ?"

"அதுக்காகத்தான். அந்த வீக்கத்தோடை சைக்கிள் சீற்றிலை இருக்கேலாதே. வேறை என்னத்திலை வாறது?"

பரியாரி ஊர் நாட்டு வைத்தியர், அவருடைய ஊசி எந்தத் தண்ணீரில் கழுவியதோ! கிருமி ஏறியிருந்தால் ஆளே போயிருப்பார். சேர்ஜனுக்குக் கோபம் வந்ததில் பிழையில்லை. வெறும் பையில் கத்தி வைக்கமாட்டேன் என்று லிஸ்ற்றில் பெயரை வெட்டினார்.

"வீட்டை போய், திரும்ப நிரம்பினாப் பிறகு வாங்கோ."

கந்தசாமி அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

"நிரம்பினாச் சைக்கிள் ஓடேலாது, டொக்டர். சைக்கிள் ஓடி வந்தா வருத்தம் இல்லையெண்டுறியள். அப்ப நான் எப்பிடித்தான் வாறது?"

சேர்ஜன் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் போகவில்லை.

2. வாட்டே காத்திருந்தது

கந்தசாமி தோட்டத்து வெங்காயத்தைச் சைக்கிளில் கட்டி யாழ்ப்பாணச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பவர். ஓதம் வந்தபிறகு அந்த வேலையை மனைவி செய்தாளாம். அவர் வீட்டில் கால் அகட்டி நடந்துகொண்டிருந்தார். குண்டு போடப் பொம்மர் வந்தால் எல்லோரும் பங்கருக்குள் பாய்வார்கள், இவரால் குனியவும் முடியாது. இதைக் கோல்ட் கேஸ் என்று எழுதிய பேனாவின் மேல்தான் எனக்குக் கோபம். அந்தப் பேனாவால் பாதி நாள் எழுதியவள் நானே.

வீட்டுக்கு அனுப்பும் துண்டை நான் வெட்டவில்லை. ஊசி குத்திய இடத்தில் கிருமி ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும் என எழுதி, கட்டில் இல்லாதபடியால் பாயில் படுக்கவைத்தேன். எழுதியதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

நாலாம் நாள் சேர்ஜன் கண்டுவிட்டார்.

"இந்தாள் இன்னும் போகேல்லையோ?"

"இல்லை. நிரம்பினாப் பிறகு வரச்சொன்னனீங்கள். இஞ்சையிருந்து நிரம்பட்டும்."

"சிஸ்டர், காயக்காரருக்கு இடமில்லை!"

"இவர் பாயிலை கிடக்கிறார். பாய் அவற்ரை வீட்டுப் பாய். அனுப்பத்தான் வேணுமெண்டா நீங்களே துண்டை எழுதுங்கோ. என்ரை கை எழுதாது."

அவர் என்னை முறைத்தார். நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். துண்டு எழுதப்படவில்லை.

அதன்பிறகு வாட்டே ஒருவருடைய வீக்கத்துக்காகக் காத்திருந்தது. காலில்லாத பொடியன்கூட விடிந்ததும் கேட்பான்:

"என்னண்ணை, வந்திட்டுதோ?"

"வருகுது, தம்பி, வருகுது."

முதல்நாள் வெட்கத்தில் சாரத்தைப் பிடித்த மனிதர், ஒரு கிழமையில் வாட் முழுக்கக் கேட்க அளவு சொல்லத் தொடங்கிவிட்டார்!

பதினைந்தாம் நாள் சேர்ஜன் தானாகவே பாயடிக்கு வந்து குந்தினார். ரோச்சை அடித்துப் பார்த்தார். வெளிச்சம் நீருக்குள்ளால் சிவப்பாய்த் தெரிந்தது.

"நாளைக்கு முதல் கேஸ்," என்றார்.

வெளிச்சத்துக்காகத் தியேட்டர் மேசையை ஜன்னலடிக்கு இழுத்தோம். விறைப்பூசி போட்டு, பையைத் திறந்து நீரை வடித்து, உள்புறம் வெளியே வரத் திருப்பித் தைத்தார். தாங்கிக் கட்டும் துணியைப் பழைய பெட்சீற்றில் நானே தைத்தேன். மணித்தியாலமும் ஆகவில்லை. இதற்குத்தான் இத்தனை சண்டை.

3. விளக்கக் கடிதம்

சண்டை அதோடு முடியவில்லை. அவசரமில்லாத நோயாளியைப் பதினைந்து நாள் ஏன் வைத்திருந்தீர் என்று ஆஸ்பத்திரி நிர்வாகக் கந்தோரிலிருந்து விளக்கம் கேட்டார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னவர்கள் பலர். நான் எழுதியது இதுதான்: "வருத்தத்தோடு வர அவருக்கு வழி இல்லை. வருத்தம் தெரியாமல் வந்தபோது நாங்கள் ஏற்கவில்லை. ஆகையால் வைத்திருந்தேன். இன்னொருவர் இப்படி வந்தாலும் வைத்திருப்பேன்."

கடைசி வரியை எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை. என் உத்தியோகப் பதிவுக் கோவையில் கறுப்புப் புள்ளி விழுந்தது.

இப்போது வாட்டில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். என்ன வருத்தம் என்று எல்லோரும் கேட்கிறோம். எப்படி வந்தனீங்கள் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் என் வாட்டில் ஒரு பெயரையும் வெட்ட, நான் பென்சன் எடுக்கும்வரை எந்தச் சேர்ஜனையும் விடவில்லை.